இன்கா பாதை, சல்காந்தாய், சோகேகிராவ்: பெர்மிட் இல்லாதபோது எந்தப் பக்கம் நடப்பது?

தை பிறந்த கையோடு தங்கை போன் செய்தாள். அவளும் மாப்பிள்ளையும் ஜூன் மாதம் பெரு போகிறார்கள். குஸ்கோ வரைக்கும் விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. "அண்ணா, நாலு நாள் இன்கா பாதைக்கு எங்க தேதியில பெர்மிட் தீர்ந்துபோச்சாம். சல்காந்தாய்னு ஒண்ணு இருக்காம். அதுவும் மச்சு பிச்சுவுக்குத்தான் போகுதாம், பெர்மிட்டே வேண்டாமாம். பணம் கட்டிடட்டுமா?"

ஒரு வாரம் பொறு என்றேன். எனக்கும் முதல் தடவை இதேதான் நடந்தது. பெர்மிட் கிடைக்காமல், ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு சல்காந்தாய்க்குப் பணம் கட்டினேன். அது மிகச் சிறந்த மலைநடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் கடல் கடந்து போனது, ஸ்பானியர் வருவதற்கு முன் அந்த மலைகளை ஆண்ட இன்காக்கள் போட்ட கல்லின் மேல் நடப்பதற்கு. முதல் மூன்று நாளும் பனி பார்த்தேன், ஏரி பார்த்தேன், காப்பித் தோட்டம் பார்த்தேன். பெயர் சொல்லும்படியான ஒரு இன்காச் சுவரை நான்காம் நாள்தான் பார்த்தேன். பிறகு சில வருடம் கழித்து இன்கா பாதையையும், அதற்கடுத்து சோகேகிராவ் என்ற இன்னொரு இன்கா இடிபாட்டுக்கும் நடந்தபோதுதான், முதல் தடவை நான் எங்கே தவறினேன் என்று புரிந்தது. இன்கா பாதை கிடைக்காதவர்களுக்கு எல்லோரும் சல்காந்தாயைக் கைகாட்டுகிறார்கள். இரண்டும் முடிகிற ஊர் ஒன்றுதான், மலைமேல் இருக்கும் பழைய இன்கா ஊரான மச்சு பிச்சு. மற்றபடி இரண்டுக்கும் ஒப்புமை குறைவு. இன்காக்களுக்காகப் போகிறவருக்கு மாற்று வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் அந்த நாலு நாள் பாதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால்தான் அதற்கு எது ஈடு, எது ஈடில்லை என்று சொல்ல முடியும்.

நாலு நாள் இன்கா பாதை

ஒல்லாந்தாய்தாம்போ ஊரைத் தாண்டி உருபம்பா ஆற்றங்கரையோடு போகும் ரயில் தடத்தில் 82-ஆவது கிலோமீட்டரில் நடை தொடங்குகிறது. மொத்தம் சுமார் 43 கிலோமீட்டர். நாலு நாளைக்கு இது ஒன்றுமில்லையே என்று தோன்றும். தூரத்தை விட்டுவிடுங்கள், உயரத்தைப் பாருங்கள். இரண்டாம் நாள் காலை ஏறத்தாழ 3,000 மீட்டரிலிருந்து கிளம்பி, மதியத்துக்குள் 4,215 மீட்டரில் இருக்கும் வார்மிவன்யுஸ்கா கணவாயைத் தொட வேண்டும். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் 'இறந்த பெண்' என்று பொருள். மலையின் விளிம்பு ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதுபோல் தெரிவதால் வந்த பெயர். அங்கிருந்து பக்காய்மாயு முகாமுக்கு 600 மீட்டர் இறக்கம், முழுக்க முழுக்கக் கல்படி.

அந்தப் படிகளில் இறங்கும்போது முட்டி நோகும். ஏன் இவ்வளவு படி என்று வழிகாட்டியிடம் கேட்டேன். இன்காக்களிடம் சக்கர வண்டி கிடையாது, குதிரை கிடையாது. சாலையில் போனவை மனிதக் கால்களும், லாமா என்ற சுமை தூக்கும் விலங்குகளும்தான். வண்டி போகாத சாலைக்கு வளைந்து வளைந்து ஏற வேண்டிய அவசியம் இல்லை. நேராக மலைமேல் படி போட்டுவிட்டார்கள். இன்றைய கொலம்பியாவிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை 30,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படிப் பாதை போட்டிருந்தார்கள். கப்பாக் ஞான் என்று பெயர். 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாம் நடக்கும் இந்த 43 கிலோமீட்டர் அந்த வலையில் ஒரு சின்ன நூல்.

மூன்றாம் நாளுக்காகத்தான் இந்தப் பாதையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். காலையில் ருங்குராகாய், வட்டமாகச் சுவர் எழுப்பிய ஒரு சிறு கட்டடம். இரண்டாவது கணவாயைக் கடந்தால் சாயக்மார்க்கா. மலைமுகட்டின் நுனியில் மூன்று பக்கமும் பாதாளம், உள்ளே போக ஒரே ஒரு ஒடுங்கிய படிக்கட்டு. அதைத் தாண்டினால் மேகக் காடு. பாறையைக் குடைந்து போட்ட ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வருகிறோம். அப்புறம் புயுபதமார்க்கா, 'மேகங்களுக்கு மேலான ஊர்'. அங்கே வரிசையாக இருக்கும் கல்தொட்டிகளில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. 500 வருடத்துக்கு முன்பு போட்ட வாய்க்கால்! சாயங்காலம் வின்யாய் வைனா. 'என்றும் இளமை' என்று பொருள், அங்கே பூக்கும் ஒரு ஆர்க்கிட்டின் பெயரும் அதுதான். செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் அடுக்கு வயல்கள், நடுவே நீர்த்தொட்டிகள், கீழே வீடுகள். நான் போன மாலையில் அங்கே எங்கள் குழுவைத் தவிர யாரும் இல்லை. நாளைக்கு மச்சு பிச்சுவைப் பார்க்காமல் திரும்பினாலும் பரவாயில்லை என்று அப்போது நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்தப் பாதையில் இடிபாடுகள் நடையின் முடிவில் காத்திருப்பதில்லை, நடையோடு கூடவே வருகின்றன. ஒவ்வொன்றையும் ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது காலுக்கே தெரிந்துவிடுகிறது. மூச்சு வாங்கி உட்கார வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில் ஒரு தங்குமிடம் இருக்கிறது. இரண்டு பள்ளத்தாக்கும் ஒருசேரத் தெரிகிற இடத்தில் ஒரு காவலிடம் இருக்கிறது. நாலாம் நாள் விடியலில் இந்தி புங்கு என்ற சூரிய வாசலுக்கு வந்து கீழே பார்த்தால் மச்சு பிச்சு. அதன் பிறகு பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் பார்க்கிற ஊரும் நாம் பார்க்கிற ஊரும் ஒன்றாகத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சூரிய வாசலில் அடிக்கடி மேகம்தான் இருக்கும். தங்க ஒளியில் ஊர் தெரியும் என்று எண்ணிக்கொண்டு மட்டும் போக வேண்டாம். எனக்கு அரை மணி நேரம் வெறும் வெள்ளை. பிறகு ஒரு பக்கமாகத் திரை விலகியது.

இனி பெர்மிட். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்குகிறவர்கள் எல்லோரும் அந்த 500-க்குள் அடக்கம் என்பதால் பயணிகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 இடம். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக மட்டுமே போக முடியும், தனியாக நடக்க அனுமதி இல்லை. பெர்மிட் உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் வரும், இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மே, ஜூன் தேதிகள் பல மாதம் முன்பே போய்விடும். பிப்ரவரி முழுவதும் பாதை மூடியிருக்கும். மழை உச்சத்தில் இருக்கும் மாதம் அது, பராமரிப்பு வேலையும் அப்போதுதான் நடக்கிறது.

யார் முதுகில் போகிறது நம் கூடாரம்?

இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இன்கா பாதையின் கல்படிகளைக் காப்பாற்றுவதற்காக அங்கே கோவேறு கழுதைகளை விடுவதில்லை. கூடாரம், அடுப்பு, எரிவாயு உருளை, மேசை, நாற்காலி, முட்டை, உருளைக்கிழங்கு எல்லாமே மனிதர்கள் முதுகில்தான் போகின்றன. சுற்றுவட்டார மலைக் கிராமங்களில் விவசாயம் செய்யும் கெச்சுவா மக்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகிறார்கள். நம்மைவிடப் பிந்திக் கிளம்பி, நம்மைத் தாண்டி ஓடி, நாம் போய்ச் சேருவதற்குள் கூடாரம் அடித்துச் சூப்பும் கொதிக்க வைத்திருப்பார்கள்.

2001-இல் பெரு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. சோதனைச் சாவடியில் எடை போட்டுத்தான் விடுகிறார்கள். ஆனால் எடை போடுகிற இடத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நான் விலை குறைவு என்று பார்த்து ஒரு நிறுவனத்தோடு போயிருந்தேன். இரண்டாம் இரவு மழை. நடுராத்திரி கழிப்பறைக்குப் போக எழுந்தபோது, எங்கள் சுமையைத் தூக்கி வந்தவர்கள் பதினோரு பேரும் நாங்கள் சாப்பிட்ட கூடாரத்தின் ஈரத் தரையில் ஒட்டி ஒட்டிப் படுத்திருந்ததைப் பார்த்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மேலே போர்வை. நான் மிச்சம் பிடித்த பணம் எங்கிருந்து வந்தது என்று அந்த இரவு தெரிந்தது.

அதனால் பதிவு செய்யும்போது இவற்றைக் கேளுங்கள். சுமைதூக்குகிறவர்களுக்குத் தனிக் கூடாரமும் படுக்கை விரிப்பும் உண்டா? முதுகுப் பட்டையும் நல்ல செருப்பும் நிறுவனமே தருகிறதா? நாங்கள் சாப்பிடுவது அவர்களுக்கும் உண்டா, கூலி என்ன, எப்போது கைக்குப் போகும்? நேராகப் பதில் சொல்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. மழுப்பினால் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். இங்கே குறிப்பிடுகிற நடைகளிலேயே இன்கா பாதைதான் செலவு கூடியது. பெர்மிட், மச்சு பிச்சு நுழைவு, திரும்பும் ரயில், இத்தனை பேர் கூலி எல்லாம் சேர்கிறது. ஆகவே மற்ற நிறுவனங்களைவிட மிகக் குறைந்த விலை யாராவது சொன்னால், எங்கே குறைத்தார்கள் என்று யோசிக்க வேண்டியது நம் கடமை.

சல்காந்தாய்: மலைக்காகப் போகிறவர்களுக்கு

சல்காந்தாய் மலையின் உயரம் 6,271 மீட்டர். குஸ்கோ வட்டாரத்து மக்களுக்கு அது ஒரு அப்பு, அதாவது மலைத்தெய்வம். பெரும்பாலான குழுக்கள் 3,900 மீட்டரில் இருக்கும் சொராய்பம்பாவில் முதல் இரவைக் கழிக்கின்றன. அன்று மாலையே மேலே இருக்கும் உமந்தாய் ஏரிக்கு அழைத்துப் போவார்கள். பனியாறு உருகி நிறையும் பச்சை நீர். மறுநாள் 4,600 மீட்டருக்கும் மேலே உள்ள கணவாய். வலது பக்கம் பார்த்தால் சுவர்போல நிற்கிறது அந்த மலை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே எங்கோ பனி சரிந்தது. இடி இறங்குவதுபோல் சத்தம் வந்தது, ஆனால் எதுவும் கண்ணில் படவில்லை.

அதே நாளில் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடத்துக்கு இறங்கிவிடுகிறோம். காலையில் பனிக்காற்றில் கையுறை போட்டு நடந்தவர்கள் மாலையில் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஆர்க்கிட் பூக்களுக்கு நடுவே நடக்கிறார்கள். ஒரே நாளில் இப்படி இரண்டு உலகத்தையும் காட்டுவது இந்தப் பாதைதான். மூன்றாம் நாள் காடும் ஆறும், பிறகு லுக்மபம்பா பக்கம் காப்பித் தோட்டங்கள். நான்காம் நாள் யாக்தபாத்தா என்ற இன்கா இடிபாட்டுக்கு ஏறுகிறோம். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மச்சு பிச்சு பொட்டுப்போல் தெரிகிறது. இறங்கி, நீர்மின் நிலையத்திலிருந்து ரயில் தண்டவாளத்தை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் அகுவாஸ் கலியெந்தெஸ் ஊர். மறுநாள் அங்கிருந்து மச்சு பிச்சு. சூரிய வாசல் வழியாக வருவதில்லை, மற்ற எல்லோரையும்போல் கீழே இருந்து முன்வாசலுக்கு ஏறிப் போகிறோம்.

இங்கே சுமையைக் கோவேறு கழுதைகள் தூக்குகின்றன. பெர்மிட் கிடையாது, குஸ்கோவில் இறங்கிய பிறகுகூடப் பதிவு செய்யலாம். கூடாரம் பிடிக்காதவர்களுக்கு வசதியான தங்கும் விடுதிகளும் வழியில் வந்துவிட்டன. ஆனால் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு தனி. பெர்மிட் வேண்டாம் என்ற நிம்மதியில் இதை விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூனிலிருந்து உள்ளே போக மூன்று சுற்றுவழிகள் பிரித்திருக்கிறார்கள், எந்தச் சுற்றுக்குச் சீட்டு வாங்கினோமோ அதில் மட்டும்தான் நடக்கலாம். எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும், மேல் அடுக்கிலிருந்து ஊர் முழுதும் தெரியும் அந்தக் காட்சி மூன்றாவது சுற்றில் வராது. நாலு நாள் நடந்து போய் அது கிடைக்காமல் திரும்புவது பெரிய ஏமாற்றம். எந்தச் சுற்று என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு, உயரம். முதல் இரவே 3,900 மீட்டர். குஸ்கோவில் ஒரே நாள் இருந்துவிட்டு இங்கே ஏறுகிறவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வருவது சர்வ சாதாரணம்.

மூன்று, மழைக்காலம். 2020 பிப்ரவரியில் சல்காந்தாய் ஏரிக்குள் மலை சரிந்து விழுந்து, சேறும் பாறையுமாகக் கீழ்ப் பள்ளத்தாக்கை அடித்துக்கொண்டு போனது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இமயமலை, ஆல்ப்ஸ் என்று மலைக்காகவே அலைகிறவர் நீங்கள் என்றால் சல்காந்தாய்தான் உங்கள் இடம். பெர்மிட் கிடைத்தாலும் இதையே எடுங்கள் என்பேன்.

சோகேகிராவ்: யாரும் சொல்லாத பதில்

ஆனால் கல்லுக்காகப் போகிறவருக்கு நான் சொல்லும் முதல் மாற்று சோகேகிராவ். இது மச்சு பிச்சுவுக்குப் போகாது. அதனாலேயே ஏஜென்ட்கள் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் முகம் சுளிக்கிறார்கள்.

குஸ்கோவிலிருந்து காரில் நாலு மணி நேரம் போலப் போனால் கச்சோரா ஊர், அதற்கு மேல் கப்புலியோக் என்ற விளிம்பு. உயரம் சுமார் 2,900 மீட்டர். அங்கே நின்று குனிந்து பார்த்தால் அபுரிமாக் ஆறு கீழே, கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், ஒரு வெள்ளி நூலாக ஓடுகிறது. அந்த ஆறு வரைக்கும் இறங்கி, பாலம் கடந்து, எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட அதே அளவு ஏற வேண்டும். திரும்பும்போது மறுபடியும் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். போக வர 60 கிலோமீட்டருக்கு மேல், நாலைந்து நாள். இன்கா பாதையைவிட இது கடினம் என்று தயங்காமல் சொல்வேன். அங்கே குளிர் படுத்தும், இங்கே வெயில் படுத்தும். பள்ளத்தாக்கின் அடியில் வறண்ட வெக்கை, நிழல் கிடையாது, கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி கடித்துக் காலெல்லாம் தடிக்கும். ஏறுகிற பக்கத்தைக் காலை நாலு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். ஆனால் உயரம் 3,100 மீட்டரைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. மூச்சுக்குப் பயமில்லை, கால்களுக்குத்தான் வேலை.

மேலே போய்ச் சேர்ந்தால்? மலைமுகட்டில் ஒரு பெரிய சதுக்கம், அதைச் சுற்றி மாடக்குழிகள் வைத்த சுவர்கள், வாய்க்கால்கள். மேற்குச் சரிவில் இறங்கினால் அடுக்கு வயல்களின் சுவரில் வெள்ளைக் கற்களைப் பதித்துச் செய்த லாமாக்கள், இருபதுக்கும் மேல். குட்டி லாமாவும் உண்டு, தாயின் பக்கத்தில் நடக்கிறது. இவற்றைக் காட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து இருபது வருடம்தான் ஆகிறது. இடத்தின் பாதிக்கு மேல் இன்னும் செடி கொடிக்கு அடியில்தான் கிடக்கிறது. மச்சு பிச்சுவில் ஒரு நாளைக்கு 4,500 பேர் வரை விடுகிறார்கள், நெரிசல் நாட்களில் 5,600. சோகேகிராவில் நான் இருந்த நாள் முழுவதும் எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்து 23 பேர். காவலாளி ஒருவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். மேலே கழுகுகள் சுற்றின. கயிறு கட்டிய வழி இல்லை, விசில் ஊதுகிறவர் இல்லை. ஒரு சுவரில் சாய்ந்து இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வரலாற்றிலும் இந்தப் பக்கத்துக்குத் தனி கனம் இருக்கிறது. மச்சு பிச்சு பச்சாகுட்டி என்ற பேரரசரின் மாளிகை ஊர், 15-ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் உச்சத்தில் இருந்தபோது கட்டியது. சோகேகிராவ் நிற்கும் வில்கபம்பா மலைகளோ அவர்கள் தோற்ற பிறகு ஒதுங்கிய இடம். 1536-இல் மாங்கோ இன்கா ஸ்பானியர்களுக்கு எதிராகக் குஸ்கோவை முற்றுகையிட்டார். பிடிக்க முடியாமல் இந்த மலைகளுக்குள் பின்வாங்கினார். இங்கிருந்துதான் இன்னும் 35 வருடம் போல ஒரு சின்ன அரசு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 1572-இல் கடைசி மன்னர் துபாக் அமாருவைப் பிடித்துக் குஸ்கோ சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். மச்சு பிச்சுவை உலகுக்குக் காட்டிய அமெரிக்கர் ஹைரம் பிங்கம் 1909-இல் சோகேகிராவைத்தான் முதலில் பார்த்தார். அந்தச் சின்ன அரசின் கடைசித் தலைநகரான வில்கபம்பாவைத் தேடும் எண்ணம் அதற்குப் பிறகுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. தேடிப் போனவரை மெல்ச்சோர் அர்த்தேயாகா என்ற விவசாயி 1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சுவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஏற்கெனவே குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. உண்மையான வில்கபம்பா, கீழே காட்டுக்குள் இருக்கும் எஸ்பிரித்து பம்பா. அதையும் பிங்கம் அதே வருடம் பார்த்தார், ஆனால் அதுதான் என்று அவருக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி இங்கே கட்டாயமில்லை. ஆனாலும் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், கூடவே ஒரு கோவேறு கழுதையும் அதன் ஓட்டுநரும். மரம்பாத்தா போன்ற வழிக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் சாப்பாடு போடுகிறார்கள், கூடாரம் அடிக்க இடம் தருகிறார்கள். ரயிலும் இல்லை, மச்சு பிச்சு சீட்டும் இல்லை என்பதால் நாள் கணக்கில் பார்த்தால் செலவு குறைவு. நாள் நிறைய இருந்தால் திரும்பி வராமல் யனாமா வழியாக மலைகளைக் கடந்து எட்டு ஒன்பது நாளில் மச்சு பிச்சு வரைக்கும் நடக்கலாம். நான் நடந்ததில்லை, ஆசை இருக்கிறது. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கம்பிவண்டி போடும் திட்டம் வெகுகாலமாகப் பேச்சில் இருக்கிறது. வந்துவிட்டால் அந்த 23 பேர் கணக்கு முடிந்துவிடும். போக நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரே நாளில் நடக்கும் இன்கா பாதை

கூடாரத்தில் தூங்க முடியாது, முட்டி ஒத்துழைக்காது, இரண்டு நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு 104-ஆவது கிலோமீட்டரிலிருந்து தொடங்கும் குறும்பாதை இருக்கிறது. ரயிலில் போய் அங்கே இறங்கி, ஆற்றைப் பாலத்தில் கடந்து, சச்சபம்பா இடிபாட்டைப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் போல ஏறினால் வின்யாய் வைனா. நாலு நாள் நடந்தவர்கள் மூன்றாம் மாலை வந்து சேரும் அதே இடம். அங்கிருந்து சூரிய வாசல் வழியாக மச்சு பிச்சு. மொத்தம் 11, 12 கிலோமீட்டர். இரவு கீழே அகுவாஸ் கலியெந்தெஸ் ஊர் விடுதியில் வெந்நீர்க் குளியல், மறுநாள் மச்சு பிச்சுவைச் சுற்றிப் பார்ப்பது.

இதற்கும் பெர்மிட் உண்டு, ஆனால் அது தனிக் கணக்கு, நாலு நாள் பெர்மிட்போல் வேகமாகத் தீர்வதில்லை. பலர் இதை அரைகுறை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதையின் மிகச் சிறந்த ஊரும் அந்த வாசலும் இதில் முழுசாக வருகின்றன. சூரிய வாசலுக்கு மதியம் தாண்டி வருவதால் விடியல் மேகமும் பெரும்பாலும் விலகியிருக்கும். இன்னொரு பெரிய நன்மை, இந்த நடையின் உச்சியே சுமார் 2,700 மீட்டர்தான். குஸ்கோ 3,400. அதாவது நடை முழுவதும் குஸ்கோவைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிறோம். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இன்கா நடை எனக்குத் தெரிந்து இல்லை.

லாரெஸ் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. அது இடிபாடுகளுக்கானது இல்லை. 4,400 மீட்டர் அளவில் கணவாய்கள், அல்பாக்கா மேய்க்கும் கிராமங்கள், கம்பளி நூற்றுச் சாயம் தோய்த்து நெய்யும் பெண்கள், வெந்நீர் ஊற்று. மனிதர்களோடு பழக ஆசைப்படுகிறவர்களுக்கு நல்லது. மச்சு பிச்சுவுக்குக் கடைசியில் ரயிலில்தான் போக வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே கீழே உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். ஒல்லாந்தாய்தாம்போ 2,800 மீட்டர், தூக்கம் வரும். இரண்டு இரவு அங்கே, ஒரு இரவு குஸ்கோ, அதன் பிறகு நடை. உயரக் கோளாறுக்குப் போடும் அசெட்டசோலமைடு மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது, ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோக்கா இலைத் தேநீர் அங்கே குடிக்கலாம், இலையைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, ராத்திரிக் குளிர் அதிகம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் போதும். கீன்வா சூப்பும் விதவிதமான உருளைக்கிழங்கும் வயிறு நிறையக் கிடைக்கும். கைத்தடி கொண்டுபோனால் முனையில் ரப்பர் மூடி கட்டாயம், இரும்பு முனை கல்லைத் தின்றுவிடும் என்பதால் இன்கா பாதையில் அதை விடமாட்டார்கள்.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு 52 வயது, இடது முட்டியில் தேய்மானம், இமயமலைப் பக்கம் ஒரு தடவை உயரம் ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரி வரை போனவள். மாப்பிள்ளைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாரம் மூன்று நாள் ஓடுகிறவர். "நான் போறது அந்தக் கல்லப் பாக்கத்தான் அண்ணா. பனி எனக்கு வேண்டாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் சல்காந்தாய் கழிந்துவிட்டது. 104-ஆவது கிலோமீட்டர் பெர்மிட் இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது. அது முடிந்ததும் அவள் ஐந்து நாள் ஒல்லாந்தாய்தாம்போவில் தங்கி, பிசாக், மோராய் என்று காரில் போய்ப் பார்க்கப் போகிறாள். மாப்பிள்ளை அந்த ஐந்து நாளில் சோகேகிராவுக்கு நடக்கிறார். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த லாமாக் குட்டியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

தங்கை ரப்பர் மூடி போட்ட கைத்தடி இரண்டு வாங்கிவிட்டாள். லிஃப்டைத் தொடாமல் தினமும் சாயங்காலம் நாலு மாடி ஏறி இறங்குகிறாளாம்.